வலது ஓரம்

ஆகஸ்ட் 28

ஆவணி பிறந்தால் போட்டோக்காரனுக்கு மூச்சு விட நேரமில்லை. இலஞ்சியில் நேற்று வரவேற்பு, இன்று தாலிகட்டு. நாதஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே நின்றதில் தலை இன்னும் விண்விண் என்று தெறிக்கிறது. போதாக்குறைக்கு மண்டபத்துத் தூணில் தோளை இடித்துக்கொண்டேன். நடக்கிற பாதையில் தூணை நட்டு வைத்த இன்ஜினீயர் எவனென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால், புது டாக்டரம்மாவிடம் நாள் வாங்கியாகிவிட்டது என்கிறாள் வடிவு. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். இதுவரை பார்த்த டாக்டர்கள் அவளை மட்டும்தான் பார்த்தார்கள். ஸ்கேன், ஊசி, மாத்திரை என்று அவளும் சலிக்காமல் போய்வந்தாள். இந்த டாக்டரம்மா, வீட்டுக்காரரும் வந்தால்தான் வைத்தியத்தையே தொடங்குவேன் என்றிருக்கிறாராம். எனக்கென்ன கேடு? அப்பாவுக்கு நாங்கள் ஏழு பேர். எங்கள் வகையில் பிள்ளைக்குப் பஞ்சம் என்று யாரும் சொன்னது கிடையாது.

செப்டம்பர் 1

டாக்டரம்மா நல்ல மனுஷிதான், ஆனால் கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார். சின்ன வயதில் பொன்னுக்குவீங்கி வந்ததா, குடலிறக்க ஆபரேஷன் உண்டா, அடி ஏதும் பட்டதா, புகையிலை உண்டா, ஜிம்முக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வதுண்டா, அடுப்பு உலை என்று சூட்டில் வேலையா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பிறகு வடிவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஆசையெல்லாம் எப்படி இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். சவரம் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்றார். வாரம் ஒருமுறை, சில வாரம் அதுவும் தேவைப்படாது என்றேன். முன்பெல்லாம் தினமும் செய்தவன்தான். பிளேடு மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். அதை எதற்கு அவ்வளவு அக்கறையாகக் குறித்துக்கொண்டாரோ. தலைவலி உண்டா, பார்வை எப்படி என்றும் கேட்டார்.

“படம் புடிச்சுப் பொழைக்கவன்கிட்டயே கண்ணப் பத்திக் கேக்கியளே” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிள்ளையில்லாத வீடுகளில் ஏறக்குறைய பாதியில் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்குமாம். விதையிலேயே கோளாறு இருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம், நரம்பு புடைத்துச் சூடு ஏறியிருக்கலாம். அதெல்லாம் இல்லாவிட்டால் மூளைக்கு அடியில் பட்டாணியளவு சுரப்பி ஒன்று உண்டாம். அங்கிருந்து உத்தரவு வந்தால்தான் கீழே வேலை நடக்குமாம். கடை பூட்டிக் கிடந்தால் மாடியில் இருக்கிற முதலாளியையும் விசாரிக்க வேண்டும் என்றார். விந்துப் பரிசோதனை ஒன்று, ரத்தத்தில் ஹார்மோன் பரிசோதனை ஒன்று, இரண்டும் எழுதினார். முதலாவது சரியாக இருந்தால் இரண்டாவதற்கு அவசியமில்லை.

செப்டம்பர் 4

கிளினிக்கில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. ஒரு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், அருவிப் படம் போட்ட காலண்டர். படம் எடுத்தவனுக்கு வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் செருப்பைத் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டப்பாவை வெறும் டப்பாவாகவே திருப்பிக் கொடுத்தேன். நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

பலருக்கும் இப்படி ஆவதுண்டாம். வீட்டில் எடுத்து, சூடு ஆறாமல் சட்டைக்குள் வைத்து, சீக்கிரம் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றார்கள்.

களைப்புதான். ஒரு வருஷமாகவே களைப்புதான். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 8

வீட்டிலும் முடியவில்லை.

செப்டம்பர் 10

ஜெபராஜைப் பார்த்தேன். தென்காசியைச் சுற்றி எந்த மண்டபத்தில் நான் போட்டோ எடுத்தாலும் அவன்தான் வீடியோ. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். வேண்டாம் வேண்டாம் என்று இருந்தும் வந்துவிட்டது என்று அவன் அலுத்துக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இன்று அந்த எரிச்சலையே மூலதனமாக வைத்து, டப்பாவில் என் பேரில் கொடுக்க அவனுடையதைக் கேட்டுவிட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

“ஏல, இது தப்புல்லா. வடிவு தங்கச்சிக்குத் தெரிஞ்சா என்ன நெனைக்கும்?”

வெறும் பரிசோதனைதானே, யாருக்கு என்ன நஷ்டம், இப்போது என் உடம்பு ஓய்ந்திருக்கிறது, சரியானதும் நானே கொடுத்துக்கொள்வேன் என்று பேசிப் பேசி அவனைக் கரைத்தேன். ஒரு தடவைதான் என்று சொல்லி ஒத்துக்கொண்டான்.

செப்டம்பர் 12

கொடுத்தாகிவிட்டது. வழியில் ஆட்டோ ஒன்று வலது பக்கம் எங்கிருந்தோ முளைத்து வந்து முழங்காலை உரசிவிட்டுப் போனது. ஹாரன்கூட அடிக்கவில்லை. டப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செப்டம்பர் 15

எண்ணிக்கை, ஓட்டம், உருவம் எல்லாம் அமோகம். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பேனாவால் அடித்துவிட்டு, உங்களுக்குக் கவலையில்லை என்றார். எனக்குப் பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கினதுபோல இருந்தது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, அதுதான் ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்ததும் வடிவு வாசலிலேயே நின்றாள். செருப்பைக் கழற்றும்போது, “அப்பம் எங்கிட்டதான் இருக்கு” என்றாள். நான் ஆறுதல் சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன். அப்படிச் சொல்லக்கூடாது, யாரிடம் இருந்தால் என்ன என்றேன்.

அக்டோபர் 6

புரட்டாசியில் முகூர்த்தம் குறைவு. ஆல்பம் வேலை மட்டும் நடக்கிறது. கம்ப்யூட்டரில் ஆல்பம் அடுக்குவது வடிவுதான்.

இலஞ்சிக் கல்யாணத்துப் பெண்ணின் அப்பா ஸ்டூடியோவுக்கே வந்து சண்டை போட்டார். மேடையில் பெண் நிற்பது படத்துக்கு வலது பக்கம். பெண் வீட்டார் அவளை அடுத்து வரிசை கட்டுவார்கள். அந்த வரிசையில் பாதிப் பேர் படத்தில் இல்லை. சித்தப்பா பாதி இருக்கிறார், சித்தி இல்லவே இல்லை.

“எங்க ஆளுவளப் பூரா வெட்டித் தள்ளிருக்கீரு. மாப்ள வீட்ல தனியா எதுவும் வாங்கிட்டீரோ?”

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். வரிசையில் ஒழுங்காக நிற்கத் தெரியாதவர்களுக்குப் போட்டோக்காரன் கோணல். அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். இப்போது வருகிற பையன்கள்போலத் திரையைப் பார்த்து எடுக்கிறவன் இல்லை நான். இடது கண்ணை மூடி, வலது கண்ணைத் துவாரத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் படம். இருபது வருஷமாக இந்தக் கண் பொய் சொன்னதில்லை.

அவர் போன பிறகு வடிவு, ஜெபராஜின் வீடியோவிலிருந்து சித்தியைப் பிடித்துவந்து ஒட்டவைத்தாள். பிறகு மற்றக் கல்யாணப் படங்களையும் திறந்து காட்டினாள். ஒன்றில் விளக்குத் தாங்கியின் கால் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஒன்றில் யாருடைய முழங்கையோ, ஒன்றில் ஒரு தாத்தாவுக்குத் தலை மட்டும் இல்லை. எல்லாம் வலது ஓரம். எடுக்கும்போது அங்கே ஒன்றும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கண்ணை ஒருதரம் காட்டிவிடலாமா என்றாள். லென்ஸை சர்வீஸுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அக்டோபர் 13

வடிவுக்கு வயிற்றில் துளை போட்டுப் பார்க்கப் போகிறார்கள். குழாய் அடைப்பு, கட்டி ஏதாவது இருந்தால் அப்போதே சரிசெய்துவிடலாமாம். மயக்க மருந்து கொடுத்துச் செய்வது. சம்மதக் கையெழுத்து நான்தான் போட்டேன். போடும்போது கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

அக்டோபர் 16

உள்ளே விடுவதும் ஒரு கேமராதான். பல்லி வால் மாதிரி மெலிசு. நான் வராந்தாவில் நின்றபடி ஊரிலுள்ள சாமியையெல்லாம் கூப்பிட்டேன். உலகம்மனுக்குத் தனியாக நேர்ந்துகொண்டேன். மயக்கம் தெளியாமல் போகிறவர்களைப் பற்றி ஜெபராஜ் எப்போதோ சொன்ன கதையெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. உள்ளே போய்ச் சொல்லி நிறுத்திவிடலாம் என்று இரண்டு முறை கதவு வரை போனேன். இரண்டு முறையும் கதவு நிலையில் தோள் இடித்தது. திரும்பிவிட்டேன்.

எல்லாம் சுத்தம் என்றார் டாக்டரம்மா. இரண்டு குழாயும் திறந்திருக்கின்றன, கர்ப்பப்பையில் ஒரு குறையும் இல்லை.

வடிவு வாந்தி எடுத்துக்கொண்டே, என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மலரும் என்று பார்த்தேன்.

“ஏதாவது இருந்திருந்தா சரி பண்ணிருக்கலாம்லா” என்றாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. நர்ஸ் வந்து பிரஷர் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் 3

செங்கோட்டையில் வளைகாப்பு. விளக்குப் பிடிக்க ஆள் வரவில்லை என்று வடிவே வந்தாள். வயிற்றுத் தையல் இன்னும் இழுக்கிறது என்கிறாள், இருந்தும் வந்தாள். வளையல் போட எல்லாப் பெண்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இவளை யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் அந்தக் கர்ப்பிணிப் பெண்ணே, நீங்களும் வந்து போடுங்கள் அக்கா என்று கையை நீட்டியது. வடிவு போட்டுவிட்டு, எல்லாரோடும் சேர்ந்து வரிசையில் நின்றாள். எடுத்தேன்.

மாலையில் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த வரிசைல நானும் நின்னேன்” என்றாள்.

படத்தில் அவள் இல்லை. ஓரத்தில் அவள் சேலை முந்தி மட்டும் இருந்தது. கூட்டத்தில் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொன்னேன். சத்தியமாக நான் அவளைப் பார்க்கவில்லை. எனக்கே மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது. தலைவலி மாத்திரை இரண்டாகப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

நவம்பர் 14

இருவரிடமும் குறையில்லை, ஆனாலும் கரு தங்கவில்லை, அதனால் அடுத்த படிக்குப் போகலாம் என்கிறார் டாக்டரம்மா. கணவனின் விந்தை வாங்கிச் சுத்தம் செய்து, நல்லதாகப் பிரித்து, சரியான நாளில் கர்ப்பப்பைக்குள் நேராக வைத்துவிடுவார்களாம். அறுவை கிடையாது, வலி கிடையாது. உங்கள் ரிசல்ட்டுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

வடிவு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேர்த்திருந்தது என் கைதான்.

நவம்பர் 18

வீட்டில் கல்யாணக் களை. வடிவு ஒட்டடை அடித்தாள், பரணில் கிடந்த பாத்திரத்தை இறக்கித் துலக்கினாள், கறிவேப்பிலைத் துவையலாக அரைத்துப் போடுகிறாள். எனக்கு முருங்கைக்கீரை. நேற்று பைக்கை வீட்டுச் சந்தில் திருப்பும்போது ஆட்டுக்குட்டியின் மேல் ஏற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு ஆடு. குட்டி பிழைக்கவில்லை. ஓரமாக நின்ற குட்டி, என் கண்ணில் படவே இல்லை. இனி கொஞ்ச நாள் பைக் வேண்டாம், ஜெபராஜ் வண்டியிலேயே போய்க்கொள்கிறேன்.

நவம்பர் 22

ஜெபராஜிடம், டாக்டரம்மா இன்னொரு பரிசோதனை கேட்கிறார் என்று சொன்னேன். முகத்தைச் சுளித்தான். இதுதான் கடைசி என்றேன். அவன் மனைவிக்கு இது பேறுகால மாசம். புத்தி எங்கேயோ இருக்கிறது. சரி, வந்து வாங்கிக்கொள் என்றுவிட்டான். அதற்குமேல் அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பர் 26

நாளைக்குத்தான் அந்த நாள். மதியச் சாப்பாடு முடிந்து ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கிறேன். வடிவு வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டுத் தூங்குவாள்.

இதில் என்ன தப்பு என்று யோசித்துப் பார்க்கிறேன். ஜெபராஜ் நல்லவன், குடி கிடையாது, பிள்ளைகள் லட்சணமாக இருக்கின்றன. நாளைக்கு அவன் கொடுக்கப்போவது எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியாது. வடிவுக்கும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன், நான் வாயைத் திறக்கப்போவதில்லை. வளர்க்கிறவன்தானே அப்பன். அவளை யாரும் இனி வளைகாப்பில் ஒதுக்க மாட்டார்கள். அவளுக்காகத்தான் இதைச் செய்கிறேன். பிள்ளை யார் சாயலில் இருந்தால் என்ன, வடிவுக்கு எந்தக் காலத்திலும் தெரி

நவம்பர் 27

நேற்று பாதியில் நின்றதை எழுதிவிடுகிறேன்.

“நான் இங்க வந்து எவ்ளோ நேரமாச்சு தெரியுமா?” என்று குரல் கேட்டது.

தூக்கிவாரிப் போட்டது. தலையைத் திருப்பினால் வடிவு. என் நாற்காலிக்கு வலது பக்கம், பிரேம் அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பின்னால் இல்லை, மறைவில் இல்லை, வெளிச்சத்தில் நின்றாள். மருந்துச் சீட்டைத் தேடி வந்தாளாம். கதவைத் திறந்து உள்ளே வந்து, பக்கத்தில் நின்று, நான் கவனிப்பேன் என்று காத்திருந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன எழுதுகிறேன் என்று பார்த்திருக்கிறாள்.

“நாளைக்கு யாருடையத என் வயித்துல வைக்கப் போறீங்க?”

நோட்டை மூடினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தான் நின்ற இடத்தையும் என் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் வேறு மாதிரி ஆனது.

“நேராப் பாருங்க. தலையத் திருப்பாதீங்க. இது தெரியுதா?”

“எது?”

“என் கை” என்றாள்.

மற்றப் பக்கத்துக்கு வந்தாள். அங்கேயும் கேட்டாள். கையை அங்குலம் அங்குலமாக முன்னால் கொண்டுவந்து, தெரியுது என்று நான் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். ஏறக்குறைய என் மூக்குக்கு நேரே வந்திருந்தது. கையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எதற்காக அழுதாள் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை, குறித்த நேரத்துக்கே கிளினிக்குக்குப் போனோம், கையில் டப்பா இல்லாமல். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். ஒன்றுகூட விடவில்லை. கல்யாணப் படங்களைப் போனில் காட்டினாள். டாக்டரம்மா அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே, செப்டம்பரில் தான் அடித்துவிட்ட ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எழுதினார். கூடவே மூளை ஸ்கேனும்.

டிசம்பர் 3

மதுரையில் இருக்கிறோம். சுரப்பியில் கட்டி. பட்டாணி இருக்க வேண்டிய இடத்தில் நெல்லிக்காய். இரண்டு கண்ணிலிருந்தும் வருகிற நரம்பு சேருமிடம் அதற்கு நேர் மேலேதானாம். அதை அடியிலிருந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. தலைவலி, களைப்பு, சவரம், ஆசை, பிள்ளை, வலது ஓரம் எல்லாம் அந்த ஒன்றின் வேலை.

சில வகைக் கட்டி மாத்திரையிலேயே சுருங்கிவிடுமாம். இது அந்த வகை இல்லை. மூக்கு வழியாகப் போய் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு ஊசி போட்டுக் கீழே உத்தரவு கொடுத்தால் என் விந்திலேயே பிள்ளைக்கு வழி இருக்கிறதாம். இந்த டாக்டர் அதை வெகு சாதாரணமாகச் சொன்னார். கண்ணைப் பற்றிக் கேட்டபோதுதான் யோசித்தார். செப்டம்பரிலேயே அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்திருந்தால் நரம்பு இவ்வளவு நசுங்கியிருக்காது என்றார்.

வடிவு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றில் மூன்று தழும்பு இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டது.

டிசம்பர் 8

நாளை ஆபரேஷன். எழுத்து வரியை விட்டு ஓடுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜெபராஜ் வந்தான். வடிவு அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். கட்டில் ஓரத்தில் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான். பெண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. அவளிடம் இனிப்புக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

வடிவு எல்லாம் செய்கிறாள். கஞ்சி கொடுக்கிறாள், மருந்து வாங்கிவருகிறாள், கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போகிறாள். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. இன்று சாயங்காலம் தாங்க முடியாமல் மன்னிப்புக் கேட்டேன். அழுதே கேட்டேன். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

“மொதல்ல கண்ணு தெளியட்டும். தெளிஞ்ச பெறவு என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. இருக்கனா போறனான்னு அப்பம் சொல்லுதேன்.”

“தெளியலேன்னா?” என்று கேட்டேன்.

அப்போது கட்டிலுக்கு வலது பக்கம்தான் இருந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாளா, எழுந்து போய்விட்டாளா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.